ரீஸ்டோர் பண்ணிப் பார்க்காத பேக்கப்

எங்கள் தொழிலில் ஒரு பழைய பாடம் உண்டு: ரீஸ்டோர் பண்ணிப் பார்க்காத பேக்கப், பேக்கப்பே கிடையாது. ராத்திரி பேக்கப் ஓடியாச்சு, பச்சை டிக் வந்தாச்சு என்று நிம்மதியாக இருப்போம். சர்வர் விழுந்த அன்றைக்குத்தான் அந்தக் கோப்பைத் திறக்கவே முடியாது என்பது தெரியவரும். வாழ்க்கையின் கடைசிக் கட்டத்துக்கு முன்னேற்பாடு செய்யச் சொல்லும் டிஜிட்டல் சேவைகளைச் சில மாதங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் பார்த்த எல்லாவற்றிலும் பேக்கப் பகுதி அழகாக இருக்கிறது. ரீஸ்டோர் ஒத்திகை எதிலும் இல்லை. என் விமர்சனம் இந்த ஒன்றுதான்.

இதில் நான் இறங்கியதற்குக் காரணம் அப்பா. பக்கவாதம் வந்து பதினோரு நாள் ஐசியூவில் இருந்தார். ஐந்தாம் நாள் இரவு டாக்டர் வெளியே வந்து, "வென்டிலேட்டர் போடணும், என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். "மெஷின்ல போட்டு இழுக்க விடாதீங்கடான்னு அவரே சொல்லியிருக்காரு" என்றார் அம்மா. "அது ஏதோ டிவி பாக்கும்போது சொன்னதும்மா" என்றார் அண்ணன். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். அப்பா ஒழுங்கான மனுஷர். எல்ஐசி, எஃப்டி, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு டைரியில் நம்பர் போட்டு எழுதி வைத்திருந்தார். அன்றிரவு டாக்டர் கேட்ட கேள்விக்கு அந்த டைரியில் ஒரு வரி இல்லை. கையெழுத்துப் போட்டோம். அந்தக் கையெழுத்தைப் பற்றி அண்ணனும் நானும் இன்றுவரை முழுசாகப் பேசிக்கொண்டதில்லை.

சரி, சேவைகளுக்கு வருவோம். கூகுளில் 'செயலற்ற கணக்கு மேலாளர்' என்று ஒன்று 2013-லிருந்து இருக்கிறது. 3, 6, 12 அல்லது 18 மாதம் நம் கணக்கில் அசைவே இல்லை என்றால், நாம் குறித்துவைத்த பத்துப் பேர் வரைக்கும் தகவல் போகும். நல்ல யோசனை. ஆனால் நாம் அவர்களைக் குறித்துவைக்கும்போது அவர்களுக்கு எந்தத் தகவலும் போகாது. எல்லாம் முடிந்து மாதக்கணக்கில் ஆன பிறகு ஒரு மெயில் வரும். அந்த மெயில் ஸ்பேமில் விழலாம். சரிபார்ப்பதற்காக நாம் கொடுத்த அவர்களுடைய போன் நம்பர் எப்போதோ மாறியிருக்கலாம். நம்ம ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு ப்ரீபெய்ட் எண்ணை 90 நாள் எதற்குமே பயன்படுத்தாமல், பேலன்ஸும் இல்லாமல் விட்டால், இணைப்பைத் துண்டிக்க விதி இடம் கொடுக்கிறது. இறந்தவரின் சிம்மை யாரும் ரீசார்ஜ் பண்ணாமல் விட்டால், கூகுளின் குறைந்தபட்சக் காத்திருப்பு முடியும் நேரத்தில் ஓடிபி வரும் வழியும் அடைபட்டுப் போகலாம்.

ஆப்பிள் 2021 டிசம்பரில் 'லெகசி கான்டாக்ட்' கொண்டுவந்தது. ஐந்து பேர் வரை வைக்கலாம். ஒரு சாவிக் குறியீடு கொடுப்பார்கள். அதோடு இறப்புச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுத்தால் போட்டோ, மெயில் எல்லாம் கிடைக்கும். சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் கிடைக்காது. அந்தச் சாவியை அச்செடுத்து வைக்கலாம் என்பதுவரை யோசித்திருக்கிறார்கள், பாராட்டணும். ஆனால் அந்த அச்சுத்தாள் பீரோவில் இருக்கிறதா, பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டதா என்று யாரும் திரும்பக் கேட்பதில்லை. ஃபேஸ்புக்கில் 2015-லிருந்து இதே மாதிரி ஒருவரை நியமிக்கலாம். அவர் நினைவுப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம், நம் செய்திகளைப் படிக்க முடியாது. அந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு அனுமானம் இருக்கிறது: மனிதர் நேற்று நன்றாக இருந்தார், இன்று இல்லை. அப்பாவின் பதினோரு நாள் இந்தக் கணக்கில் எங்கும் வராது. உயிர் இருக்கிறது, பேச்சு இல்லை என்ற அந்த நிலைக்கு மென்பொருளில் பெயரே இல்லை. இந்த விஷயத்தில் நம் சட்டம் ஒரு படி முன்னே இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, மரணத்துக்கு மட்டும் அல்லாமல், உடலோ மனமோ செயலிழந்த நிலைக்கும் ஒருவரை நியமிக்கும் உரிமையைத் தருகிறது.

நாம் 'லிவிங் வில்' என்று சொல்லும் மருத்துவ விருப்ப ஆவணமும் இந்த நிலைக்கானதுதான். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் அதை அனுமதித்தது. ஆனால் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் அதில் கையெழுத்திட வேண்டும் என்றது. யார் போவார்கள்? நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்று மருத்துவர்களே திரும்ப நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 ஜனவரி 24-ல் விதிகள் எளிதாயின. இப்போது இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். டிஜிட்டல் மருத்துவப் பதிவோடு சேர்த்துவைக்கவும் வழி வந்தது. இரண்டு தீர்ப்பையும் ஒரு மென்பொருளின் வெர்ஷன் 1, வெர்ஷன் 2 மாதிரிதான் படித்தேன். முதலாவதை யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. ஓட்டிப் பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியது இரண்டாவது.

'ஆன்லைனில் உயில்' என்று விற்பவர்களைப் பற்றியும் சொல்லணும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, தன் முதல் அட்டவணையிலேயே உயிலை விலக்கி வைத்திருக்கிறது. திரையில் எத்தனை டிக் அடித்தாலும், தாளில் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் அது உயில் ஆகாது. படிவம் முடிந்ததும் 'உங்கள் உயில் தயார்' என்று ஒரு திரை காட்டினால் அது பொய். 'இனிமேல்தான் வேலை ஆரம்பம்' என்று காட்டினால் நேர்மை. நாமினி கதையும் அப்படித்தான். இன்சூரன்ஸில், அன்றிருந்த சட்டப்படி, நாமினி என்பவர் பணத்தை வாங்கும் கை மட்டுமே, வாரிசு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1983-லேயே சொன்னது. பங்குகளுக்கும் அதையே 2023 டிசம்பரில் சொன்னது. நாமினி பெயர் கேட்கும் எத்தனை திரையில் இதை ஒரு வரி எழுதியிருக்கிறார்கள், நீங்களே பாருங்கள்.

ஊரைக் குறை சொல்லும் முன்பு என் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் போனை அணைத்து மேசைமேல் வைத்துவிட்டு, மனைவியிடம் ஏழு வேலை கொடுத்தேன்: வீட்டுக்கடன் பாக்கி எவ்வளவு, மருத்துவக் காப்பீட்டு எண், குழந்தைகளின் போட்டோக்கள் எங்கே, இந்த மாதிரி. நான் ரொம்பப் பெருமையாக அமைத்து வைத்திருந்த பாஸ்வேர்ட் பெட்டகம் மூன்றாவது நிமிஷத்தில் நின்றது. "ஓடிபி உங்க போனுக்குத்தான் போகுது. அந்தப் போன்தான் செத்துப்போச்சே" என்றாள். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஏழில் இரண்டுதான் முடிந்தது. அந்த இரண்டும் பீரோவில் காகிதமாக இருந்தவை. இருபது வருஷமாக சிஸ்டம் டிசைன் பண்ணுகிறவன் வீட்டு லட்சணம் இது.

பாதுகாப்பு முக்கியம் என்று வடிவமைப்பாளர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ரீஸ்டோர் சுலபமாக இருந்தால் திருடனுக்கும் சுலபம். சொத்துக்காகப் பெரியவர்களை மிரட்டும் குடும்பங்களும் உண்டு. ஆனால் ஒத்திகைக்கு உண்மையான தரவைத் திறக்கத் தேவையில்லை. வருஷத்துக்கு ஒரு முறை, ஒரு வெற்றுக் கோப்பை வைத்து, 'இதைத் திறந்து காட்டுங்கள்' என்று நாம் குறித்தவரிடம் கேட்கலாம். திறக்க முடியாவிட்டால், நாம் உயிரோடு இருக்கும்போதே நமக்குத் தெரிந்துவிடும். எத்தனை பேர் படிவத்தை நிரப்பினார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எத்தனை பேருக்கு ஒத்திகை தேறியது என்று எண்ணினால், இந்தச் சேவைகளின் முகமே மாறிவிடும். ஏனென்றால் இவற்றின் உண்மையான யூசர் படிவத்தை நிரப்புகிறவர் அல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு ஐசியூ வாசலில், சார்ஜ் தீரப்போகும் போனோடு நிற்கிறாரே, அவர்.

போன மாதம் அம்மாவுக்காக ஒரு சின்னப் படிவம் செய்தேன். பெரிய எழுத்து, தமிழில், எட்டே கேள்வி. வென்டிலேட்டர் கேள்வி ஐந்தாவது. அம்மா கண்ணாடியைப் போட்டு எல்லாவற்றையும் படித்தார். பிறகு டேப்லெட்டைத் தள்ளி வைத்தார்.

"எழுதுறது இருக்கட்டும். மொதல்ல உங்க அண்ணனுக்குப் போனப் போடு. நான் சொல்றது அவன் காதுல விழணும்ல?"

போட்டேன், ஸ்பீக்கரில். நாற்பது நிமிஷம் பேசினோம். நோட்டரியிடம் அடுத்த வாரம் போகிறோம், அண்ணனும் வருகிறார்.