0ஆம் வரி

கெட்டெக்ஸ்ட் பி.ஓ. கோப்புகளுக்கான தமிழ் வழிகாட்டி ஒன்றை வெள்ளக்கடையில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறேன். பன்மைச் செய்தியில் 0 என்று குறியிட்ட வரி பூஜ்யத்துக்கானது என்கிறது. தப்பு. அது வெறும் வரிசை எண். தமிழ்க் கோப்புத் தலைப்பில் வழக்கமாக உள்ள விதிப்படி, எண்ணிக்கை ஒன்றானால் 0ஆம் வரி. பூஜ்யம், இரண்டு, நூறு எல்லாவற்றுக்கும் 1ஆம் வரி. வழிகாட்டியை நம்பி 0ஆம் வரியில் ‘கோப்பு எதுவும் இல்லை’ என எழுதினால், ஒரு கோப்பு இருக்கும்போது திரை இல்லை என்று பொய் சொல்லும். எம்எஸ்ஜிஎஃப்எம்டி சோதனையும் இதைப் பிடிக்காது, ஏன்னா வடிவத்தில் பிழையே இல்லை.

1ஆம் வரியில் ‘கள்’ கட்டாயம் என்பதும் அதிகப்படி. இங்கே ‘பத்து மூட்டை காப்பி’ன்னுதான் சொல்றாங்க, யாரும் மூட்டைகள் என்பதில்லை. இரண்டு வரியிலும் ஒரே சொல் வரலாம். ஆனா இரண்டையும் நிரப்பணும்.