பேக்கரின் 21 இறாத்தல் துவக்கு

துவக்கைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் நான் வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கரிடம்தான் போய் நிற்பேன். 1840இல் பிரிஸ்டலில் துவக்குச் செய்யும் கிப்ஸிடம் அவர் சொல்லிச் செய்வித்தது: எடை 21 இறாத்தல், குழல் 36 அங்குலம், இரண்டே தடம், அந்த நீளத்துக்கும் ஒரே ஒரு சுற்று. சன்னம் 3 அவுன்ஸ் உருண்டை, இடுப்பில் பட்டி வைத்து வார்த்தது. மருந்து 16 டிராம்! அந்த ஒற்றைச் சுற்றில்தான் என் மனம் கிடக்கிறது. புரி இறுக்கமாக இருந்திருந்தால், அத்தனை மருந்தின் உந்தலில் ஈயம் தடத்தைப் பிய்த்துக்கொண்டு சுழலாமலே வெளியேறியிருக்கும். மெதுவான புரி, அதைக் கவ்வும் பட்டி, உதைப்பை வாங்கிக்கொள்ளும் எடை என்று மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்தி யோசித்தவருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை.

இலங்கையின் மின்னேரியாவில் அவர் தோட்டா தீர்ந்து, சில்லறைக் காசை இடித்து எருமையைச் சுட்ட கதையைத்தான் மற்றவர்கள் சிலாகிப்பார்கள். எனக்கு அது வெறும் வேடிக்கை. அவர் கொன்ற யானைகளின் கணக்கோ கசப்பு.

எங்கள் யட்டவத்தையில் இதெல்லாம் வாய்ப்பேச்சுதான். மிளகுக்கும் கொக்கோவுக்கும் நடுவே பன்றி வந்தால், அனுமதிபெற்ற 12 போர் துவக்குக்கு நாற்பது மீற்றருக்கு மேல் வேலையில்லை. கேள்வி கனடாவிலிருக்கும் மருமகனிடமிருந்து வருகிறது: மான் வேட்டைக்கு லேசர் தூரமானியா, காற்றுமானியா, கணக்குப் போடும் செயலியா?

லேசர்தான். 300 மீற்றர் என்று கண்ணால் மதித்தது உண்மையில் 350 என்றால், .308 சன்னம் ஏறக்குறைய ஒரு சாண் கீழே போகும். மலையில் இன்னொரு சிக்கல்: 30 பாகைச் சரிவில் 300 என்று காட்டினாலும், சன்னத்தின் இறக்கத்துக்குக் கணக்கு 260தான். சரிவைக் கழித்துச் சொல்லாத லேசர் மலைநாட்டானுக்கு அரைக் கருவி. காற்றுமானி உன் முகத்தில் படும் காற்றை மட்டும் சொல்லும். நடுப்பள்ளத்தில் எதிர்த்திசையில் வீசுவதைப் புல்தான் சொல்லும். செயலிக்கு வாய்வேகத்தைச் சரியாகக் கொடுக்காவிட்டால் அது பிழையைத் தசமத்தோடு சொல்லும், அவ்வளவே.

இப்போது ஆயிரம் மீற்றர் வெடியைப் பெருமையாகப் பேசுகிறார்கள். சன்னம் போய்ச்சேர ஒரு விநாடிக்கு மேலாகும்; அதற்குள் மான் ஓரடி எடுத்து வைத்தால் நெஞ்சுக்குப் போனது வயிற்றில் படும். அதைக் கணக்கிடும் கருவியை எவனும் விற்கவில்லை. பழைய ஆட்கள் கிட்டப் போகப் பழகினார்கள், இவர்கள் திரையைப் பார்க்கப் பழகுகிறார்கள்.

மருமகனே, சரிவுக் கணக்குள்ள லேசரை வாங்கு. மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கி, 300 மீற்றருக்குள் சுட்டுப் பழகு.