நாய் மிதிக்கும் கால்மிதி: எது காய்கிறது, எது நாறுகிறது?

"மெஷினில் துவைக்கலாம்" என்று சீட்டு ஒட்டாத கால்மிதியை இப்போது கடையில் பார்ப்பதே அரிது. துவைக்கலாம் என்பது பொய்யில்லை. துவைத்தது எப்போது காயும் என்பதைத்தான் எந்தச் சீட்டும் சொல்வதில்லை. நாய் வளர்க்கிற வீட்டில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், கேள்வியே அதுதான். சென்னையில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்த மாதங்களில் கொடியில் போட்ட பனியனே மறுநாளும் சில்லென்று தொங்கும். தண்ணீர் குடித்த தடிமனான கால்மிதிக்கு என்ன கதி?

எங்கள் வீடு மேடவாக்கம் பக்கம். தெருவில் தோண்டி மூடிய பள்ளங்களுக்குப் பஞ்சமில்லை, களிமண்ணுக்கும் பஞ்சமில்லை. வீட்டில் இரண்டு நாய்கள். மணி நாட்டு நாய். குட்டை முடி, சேறு பாதத்தோடு நின்றுவிடும். பிரவுனி லாப்ரடார்; இரட்டை அடுக்கு முடி. விரலிடுக்கிலும் வயிற்றடியிலும் தண்ணீரைச் சுமந்துகொண்டு வந்து, கூடத்துக்கு நடுவில் நின்றுதான் உதறுவாள். போன மழைக்காலம் முழுக்கக் கடைகளில் கிடைக்கும் வகைகளை மாற்றி மாற்றி வாசலில் போட்டுப் பார்த்து எழுதுவது இது.

துணியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நீளம். கடையில் குவித்து வைத்திருப்பதெல்லாம் 40க்கு 60 சென்டிமீட்டர். மனிதனுக்கு அது போதும். நின்று, இரண்டு காலையும் தேய்த்துவிட்டு உள்ளே வருவான். நாய் நின்று தேய்க்காது. வளர்ந்த ஆண் லாப்ரடாரின் தோள் உயரமே ஏறக்குறைய 56 சென்டிமீட்டர், உடல் நீளமும் அதை ஒட்டித்தான் இருக்கும். முன்னங்கால் கால்மிதியைத் தாண்டித் தரையில் விழும்போதுதான் பின்னங்கால் அதன் மேல் ஏறும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நெட்டைக்கால் நாய் என்றால் ஒரே எட்டில் தாண்டிப் போய்விடும். ஆகவே எந்தத் துணியானாலும் சரி, குறைந்தது நான்கடி நீளம் வேண்டும். கடையில் "ரன்னர்" என்று கேளுங்கள். படுக்கையறைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போடுவதற்கென்று வைத்திருப்பார்கள். வாசலில் போட்டால் சண்டைக்கு வரமாட்டார்கள்.

தென்னை நார் மிதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். காய்ந்த மண்ணைச் சுரண்ட அதை அடிக்க ஆளில்லை. ஆனால் அது துவைக்கிற பொருளே இல்லை. முழுதாக நனைந்தால் பழுப்புச் சாயம் இறங்கித் தரையில் கறை பிடிக்கும், நார் உதிரும், காய நாளாகும். நாய்க்குட்டி இருந்தால் இன்னும் மோசம். ஒரு மத்தியானத்தில் கடித்துக் குதறி நாரைக் கூடமெங்கும் பரப்பிவிடும். மழை படாத திண்ணைக்கு மட்டும் சரி.

அடுத்தது, இப்போது எல்லா வீட்டுக் குளியலறை வாசலிலும் கிடக்கும் செனில் மிதி. புழுப்புழுவாய்த் தடித்த நூல் தொங்குமே, அதுதான். கையில் எடுத்தால் சொக்கிப்போவீர்கள், அவ்வளவு மெத்து. ஈரத்தை உறிஞ்சுவதிலும் குறை சொல்ல முடியாது. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால் தரைக்குச் சொட்டுப் போகாது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. உறிஞ்சியதை அது விடாது. விரலை நூல்களுக்கு நடுவில் விட்டுப் பிரித்துப் பாருங்கள்: மேலே சுத்தமாகத் தெரியும், அடியில் களிமண் மாவாய்ப் படிந்திருக்கும், அதோடு நாய்முடி திரிதிரியாய்ச் சுற்றிக்கொண்டிருக்கும். துவைத்தாலும் முடி வராது. சீப்பால்தான் இழுக்க வேண்டும். அடைமழை நாளில் துவைத்துக் கொடியில் போட்டால், மேல்நூல் காய்ந்த பிறகும் அடித்துணி ஈரமாகவே இருக்கும். பிறகு ஒரு புளித்த வாடை கிளம்பும். நாய் வாடை என்று நாயைத் திட்டுவோம். பாதி நேரம் அது கால்மிதி வாடை.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா இதைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்பு சொன்னார்: "இத தண்ணிலேந்து தூக்கறதுக்குள்ள இடுப்பு கழண்டுடும் சார்." துவைப்பவர் யாரோ அவரைக் கேட்காமல் கால்மிதி வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

மைக்ரோஃபைபரில் தட்டையாய், குட்டை முடியோடு வருவது செனிலைவிட எவ்வளவோ மேல். முடி அவ்வளவாகச் சிக்காது, சீக்கிரம் காயும். வாசனைக்காக ஊற்றும் துணி மென்மையாக்கியை மட்டும் இதற்குக் காட்டாதீர்கள். அது இழைமேல் மெழுகுபோலப் படிந்து, தண்ணீர் உறிஞ்சும் சக்தியைக் கெடுத்துவிடும். இதில் உண்மையான பலவீனம் முதுகில் இருக்கிறது. வழுக்காமலிருக்க அடியில் பூசும் வெள்ளை லேட்டக்ஸ், நம் ஊர் வெயிலிலும் வெந்நீரிலும் வெடித்துப் பொடியாய் உதிரும். வாங்கும்போதே திருப்பிப் போட்டுக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பொடி ஒட்டினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அதற்குப் பதில் ரப்பர்ப் புள்ளிகள் வைத்தது கொஞ்சம் அதிக நாள் உழைக்கும். குளோரின் பிளீச் இரண்டையும் அரிக்கும். இங்கே நாய்க்காரர்கள் யோசிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு: உதிரும் ரப்பரைக் குட்டி நாய் விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும், மருத்துவரிடம் ஓட வேண்டியிருக்கும்.

இணையக் கடைகளில் சில வருடங்களாக டயட்டோமைட் மிதி பிரபலம். நுண்ணிய பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான மண்தான் டயட்டோமைட். கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது. ஈரப்பாதத்தை வைத்து எடுத்தால் தடம் கண்ணெதிரே மறைவது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. வெறும் தண்ணீர்க்காலுக்கு அது கெட்டி. சேற்றுக்காலுக்கு இல்லை. களிமண் மேலே பூச்சாய் அப்பிக்கொண்டு துளைகளை அடைத்துவிடுகிறது. அடுத்துவரும் பாதம் அந்தக் குழம்பையே மிதித்து உள்ளே கொண்டுவருகிறது. பலகை மாதிரி கெட்டியாக வருவதை உப்புத்தாளால் தேய்த்துப் புதுப்பிக்கச் சொல்வார்கள். 2020 டிசம்பரில் ஜப்பானின் நிட்டோரி நிறுவனம் இந்த வகைப் பொருட்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பது தெரிந்து லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது நினைவிருந்தால், பெயர் தெரியாத பலகையை வீட்டுக்குள் தேய்த்துத் தூசி கிளப்ப மனசு வராது. மிருதுவான ரப்பர் வகையைக் குளியலறையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் வாசலுக்கு வெளியே நான் மாற்றாமல் விட்டது, பார்க்க அழகே இல்லாத பிவிசி நூடுல்ஸ் மிதிதான். கடைகளிலும் கிளினிக்குகளிலும் போட்டிருப்பார்களே, சுருள்சுருளாய், அது. சேறு சுருளுக்குள் இறங்கிவிடுவதால் மேல்பரப்பு ஓரளவு சுத்தமாகவே இருக்கும். ஹோஸ் பைப்பைத் திருப்பிப் பீய்ச்சினால் மண் ஓடிவிடும், சுவரில் சாய்த்தால் சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். அடிப்பாகம் மூடியதும் உண்டு, திறந்ததும் உண்டு. வெளியே போடுவதற்குத் திறந்தது வாங்குங்கள். மூடியதில் தண்ணீர் தேங்கும். மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள் என்பதால் நீளப் பிரச்சினையும் தீர்ந்தது. சுருளில் நகம் மாட்டுமோ என்று பயந்தேன். நகத்தை ஒழுங்காக வெட்டிவிட்டால் மாட்டுவதில்லை.

அது சுரண்டும், துடைக்காது. துடைக்க உள்ளே ஒன்று வேண்டும். அங்கேதான் சாதாரணப் பருத்தி ரன்னர் எல்லாவற்றையும் தோற்கடித்தது. கரூர்ப் பக்கம் நெய்து வரும், முதுகில் பூச்சே இல்லாத, இரண்டு பக்கமும் போடக்கூடிய தட்டை நெசவு. நாய் நகம் மாட்ட வளையமில்லை, முடி சிக்க இடமில்லை. ஒரே குறை, டைல்ஸ் தரையில் வழுக்கும். ஓடிவருகிற நாய் அதோடு சறுக்கிப் போனால் இடுப்புக்கு ஆகாது. கம்பளத்துக்கு அடியில் விரிக்கும் பிவிசி வலை தனியாகவே விற்கிறது. அதை அளவாக வெட்டி அடியில் போட்டால் அசையாது. துணி மெஷினுக்குப் போகும், வலை தரையிலேயே கிடக்கும்.

பூச்சு இல்லாததன் பெரிய லாபம் வேறு. உண்ணி. நாயின் மேல் இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவரிடுக்கு, கால்மிதியின் அடி என்று இருட்டான இடத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். உண்ணிக் காய்ச்சலில் நாயைப் பறிகொடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். குளிர்ந்த தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் உண்ணி சாவது நிச்சயமில்லை, சூடுதான் கொல்லும். ரப்பர் முதுகுள்ள மிதியின் சீட்டில் தொட்டிப் படத்துக்குள் 30 என்றுதான் போட்டிருக்கும், அதற்கு மேல் போனால் பூச்சு போய்விடும். பூச்சில்லாத வெள்ளைப் பருத்தியை 60 டிகிரியில் தைரியமாகத் துவைக்கலாம். சாயம் போட்டது என்றால் சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துவைப்பதில் சில விஷயம். ஈரச்சேற்றோடு மெஷினில் போடாதீர்கள். சேறு காயட்டும், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் அடித்தால் முக்கால்வாசி மண்ணும் முடியும் அங்கேயே உதிரும். அதைச் செய்யாமல் போட்டால், முன்பக்கக் கதவுள்ள மெஷினில் கீழே சின்ன மூடிக்குள் இருக்கும் வடிகட்டி முடியால் அடைத்து, தண்ணீர் வெளியேறாமல் நின்றுவிடும். ஒற்றைக் கால்மிதியைத் தனியாகச் சுழற்றவும் கூடாது. ஒரு பக்கமாய்க் கனம் சேர்ந்து மெஷின் குதிக்கும். பழைய துண்டு இரண்டைச் சேர்த்துப் போடுங்கள். செம்மண் கறைக்கு பிளீச் ஊற்றுவது வீண். அந்தச் சிவப்பு இரும்பின் சிவப்பு, பிளீச்சுக்கு அசையாது. கறையோடு வாழப் பழகலாம், அல்லது முதலிலேயே காவி நிறத்தில் வாங்கிவிடலாம். நான் இரண்டாவது கட்சி.

பணத்தை ஒரே தடித்த மிதியில் போடாமல், வெளியே ஒரு நூடுல்ஸ், உள்ளே போட மெல்லிய பருத்தி ரன்னர் மூன்று என்று பிரித்துவிடுங்கள். ஒன்று தரையில், ஒன்று கொடியில், ஒன்று அலமாரியில். வாங்குவதை ஆவணி, புரட்டாசியிலேயே முடித்து, ஒவ்வொன்றையும் ஒருமுறை துவைத்து வையுங்கள். புதுப் பருத்தி அந்த முதல் துவைப்பில் சற்றுச் சுருங்கும். நான்கடி வேண்டும் என்றால் நாலேகால் அடியாகப் பார்த்து வாங்குங்கள்.