நாட்குறிப்பில் வரும் மதாம்

வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்கள் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது கவர்னர் டூப்ளே காலத்தில்தான். அந்தக் கால ராஜதந்திரத்தில் அவர் மனைவி ழானுக்கும் பங்குண்டு. 1706-ல் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் தெரியும், நவாபு தரப்போடு கடிதப் போக்குவரத்து நடத்தினார். ‘ழான் பேகம்’ என்ற பெயர் சும்மா வரல.

ஆனா நமக்குத் தெரிந்த ழான், பெரும்பாலும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு காட்டுற பேராசைக்காரி. பிள்ளை யாரு? கவர்னரோட துபாஷி. வீட்டம்மாவே தமிழ் பேசினா துபாஷிக்கு என்ன மதிப்பு? 1748-ல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிபட்டதில் ழானைப் பற்றி அவர் எழுதியதை நான் ஒதுக்கவில்லை. ஆனா ழானின் குணத்தைத் தீர்ப்பு சொல்ற வரிகளை, எழுதினவர் அவருக்குப் போட்டியாளர் என்பதையும் சேர்த்துத்தான் படிக்கணும்.