புனம் காத்தவள் பார்த்த பூக்கள்

கொற்கை முத்தைப் பெண்ணின் பல்லுக்கு உவமையாக்கியது ஐங்குறுநூறு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்ற கிரேக்க வணிகக் கையேடு, கொற்கையில் முத்துக் குளிப்பவர்கள் தண்டனைக் கைதிகள் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. அழகைச் சொன்ன பாட்டில் மூழ்கியவர் இல்லை. மூழ்கியவரைச் சொன்ன கையேட்டில் அழகு இல்லை. ரசிப்பவர் ஒருவர், உழைப்பவர் வேறொருவர் என்ற இந்தப் பிரிவினையை, காட்டையும் மலையையும் பற்றிய பயண எழுத்துகளிலும் பார்க்கிறேன்.

ஆப்பிரிக்காவைப் பற்றிய எழுத்தில் அது பளிச்சென்று தெரியும். சஃபாரி என்ற சுவாஹிலிச் சொல்லுக்குப் பயணம் என்றுதான் பொருள். வெள்ளையரின் வேட்டைக்குப் பெயராகி, பிறகு ஜீப்பில் இருந்தபடி சிங்கம் பார்ப்பதற்குப் பெயரானது. அப்படிப் பார்க்க ஆளில்லாத நிலம் வேண்டும். இன்றைய தான்சானியாவில் உள்ள செரெங்கெட்டி தேசியப் பூங்காவிலிருந்து 1959இல் மாசாய் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் மாடு மேய்த்த புல்வெளியைத்தான் மனிதத் தடம் படாத இயற்கை என்று நாம் படங்களில் வியக்கிறோம்.

எழுதுபவர் பெண் என்றால் பார்வை மாறுமா? டென்மார்க்கிலிருந்து கென்யாவுக்குப் போய்க் காப்பித் தோட்டம் நடத்திய கரென் பிலிக்ஸன் எழுதிய ‘அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா’ 1937இல் வெளிவந்தது. ங்கோங் மலையின் காற்றையும் ஒளியையும் அவர் எழுதியிருக்கும் அழகை மறுக்க முடியாது. அந்தத் தோட்டத்தில் குடியிருப்பதற்காக கிக்குயு மக்கள் ஆண்டில் இத்தனை நாள் என்று வேலை செய்து கொடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் அங்கேயே பிறந்தவர்கள் என்பதால், தன்னைத்தான் ஒரு குடியேறியாக நினைத்திருக்கக்கூடும் என்று ஓரிடத்தில் அவரே எழுதுகிறார். அந்த நேர்மைக்காகவே அந்தப் புத்தகத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் மலையை ரசிக்கும் கண் கடைசிவரை முதலாளியம்மாவுடையதாகவே இருக்கிறது. தேயிலையும் காப்பியும் பறிக்கிறவர்கள் அந்தக் காட்சிக்குள் இருப்பவர்கள். அதைக் காண்பவர்களாக எழுதப்படுவதில்லை.

இங்கேதான் குறிஞ்சிப்பாட்டை மறுபடி படிக்க வேண்டும் என்கிறேன். தினைப்புனம் காக்க அனுப்பப்பட்ட இரண்டு இளம்பெண்கள். பரண்மீது இருந்து தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளால் கிளி ஓட்டுகிறார்கள். மழை விட்ட பிறகு அருவியில் ஆடுகிறார்கள், பூப்பறித்துப் பாறையில் குவிக்கிறார்கள். தொண்ணூற்றொன்பது பூக்கள். வகுப்பில் அந்தப் பட்டியலைத் தாவரவியல் சாதனையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அதைச் சொல்பவள் வேலைக்கு வந்தவள் என்பதுதான் எனக்கு முக்கியம். காவல் காத்த கைதான் பூவையும் இனம் பிரித்திருக்கிறது. உழைப்பவளுக்கு ரசிக்கத் தெரியாது என்ற எண்ணத்தை அந்த ஒரு பட்டியலே உடைத்துவிடுகிறது.

அதற்காகக் கபிலரைப் பெண்ணியவாதி ஆக்க வேண்டியதில்லை. பூப்பறித்த மகிழ்ச்சி நீடிப்பதில்லை; மதயானை வருகிறது, அம்பெய்து காப்பாற்றத் தலைவன் வந்துவிடுகிறான். பாட்டு முழுவதும் தோழி செவிலித்தாய்க்குச் சொல்லும் விளக்கம். ஒரு பகல் மலையில் திரிந்ததற்கு வீட்டில் கணக்கு ஒப்புவித்தாக வேண்டும். குற்றாலம் போய்வர வீட்டில் மூன்று பேரிடம் அனுமதி கேட்கும் மாணவிகளுக்கு இதற்கு உரை தேவையில்லை.

தாமிரபரணியின் மலைக்குப் போவோம். மாஞ்சோலை என்றால் மேகமும் தேயிலைப் பச்சையும். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் ஒரு தனியார் கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த மலை அது. அந்தப் பச்சையைப் பறித்தவர்களின் கூலிக்காகவும், சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் நடந்தது. போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு, பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உட்பட 17 பேர் இறந்தார்கள். குத்தகை முடிய நான்கு ஆண்டு இருக்கும்போதே, 2024இல், தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் அந்த மலை காடாக மாற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அங்கே பிறந்து வளர்ந்தவள் வெளியேறிவிட, ஒருநாள் பயணி மட்டும் வந்துபோவது எந்த வகைப் பாதுகாப்பு என்பதுதான் கேள்வி.

இதே மலைத்தொடரில், அகத்தியர்கூடத்தில், கேள்வி இன்னும் சிக்கலாகிறது. கேரளப் பக்கமிருந்து மலையேற்றத்துக்குப் பெண்களை அனுமதிக்காமல் இருந்தார்கள். 2018 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதைத் தவறென்றது. 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறினார். நான் மகிழ்ந்தேன். அதே நேரத்தில் எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் அந்தக் காட்டில் வாழும் காணி மக்கள். அகத்தியர் அவர்களுக்குத் தெய்வம். தடையை நான் ஏற்கவில்லை. ஆனால் மலை ஏற முடியாத பெண் என்று நாம் பேசியபோது, ஊரிலிருந்து டிக்கெட் எடுத்துப் போகும் பெண்ணை மட்டுமே நினைத்தோம். தேனுக்கும் கிழங்குக்கும் அந்தக் காட்டுக்குள் போகும் உரிமை காணிப் பெண்ணுக்கு எவ்வளவு இருக்கிறது என்பது அந்த விவாதத்தில் வரவேயில்லை.

பயணக் கட்டுரை எழுதும் பெண்கள் இன்று பெருகியிருக்கிறார்கள். தனியாகப் போகிறார்கள், கென்யாவரை போகிறார்கள், நல்லது. அவற்றைப் படிக்கும்போது ஒன்றை மட்டும் தேடுங்கள். அந்த மலையில் வேலை செய்கிறவள் அதில் வாய்திறந்து ஒரு பூவின் பெயராவது சொல்கிறாளா?