எண்ணா, பெயரா? கிரப் மெனுவின் ஒரு குறை

பழைய கம்ப்யூட்டரில் உபுண்டுவும் விண்டோஸும் சேர்த்து வைத்திருக்கிறேன். யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் எது துவங்க வேண்டும் என்பதை 'கிரப் டிஃபால்ட்' என்ற வரி தீர்மானிக்கிறது. வழக்கமாக அதில் ஓர் எண்ணைப் போடுவோம். 0 என்றால் முதல் வரி. 4 என்றால் ஐந்தாவது.

என் விமர்சனம் இங்கேதான். எண் இடத்தைக் குறிக்கும், ஆளைக் குறிக்காது. மெனுவை எழுதும் ஸ்கிரிப்டுகளில் 10 லினக்ஸுக்கு, 20 மெமரி டெஸ்டுக்கு, 30 விண்டோஸுக்கு. ஒருநாள் இரவு மெமரி டெஸ்டை நீக்கினேன். அதன் இரண்டு வரிகளும் போய், விண்டோஸ் மூன்றாவது வரிக்கு ஏறிவிட்டது. நான் போட்ட 4 அப்படியே நின்றது. அப்படி ஒரு வரியே இல்லையென்றால் கிரப் சத்தமில்லாமல் முதல் வரிக்குப் போய்விடும். காலையில் அப்பாவுக்கு வந்தது உபுண்டு. "நான் எதையும் தொடலடா" என்றார். உண்மைதான், தொட்டது நான்.

பெயரைப் போட்டால் தீருமா? பாதிதான். விண்டோஸின் பெயரோடு 'எஸ்டிஏ1' என்று டிஸ்கின் பெயரும் ஒட்டியிருக்கும். இன்னொரு டிஸ்க் சொருகி மெனுவைப் புதுப்பித்தால் அது 'எஸ்டிபி1' ஆகலாம். 'சேவ்டு' என்று போட்டு, கடைசித் தேர்வைச் சேமிக்கச் சொன்னால்? இரவு நான் உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தால் காலையில் அப்பாவுக்கும் அதேதான்.

சரியான வழி ஒன்று உண்டு. மெனு கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாளக் குறியீடு இருக்கிறது. விண்டோஸுடையதில் பார்ட்டிஷனின் யூயூஐடி இருப்பதால் வரிசை மாறினாலும் அது மாறாது. இப்போது அதைத்தான் போட்டிருக்கிறேன். நல்ல வழியை நீளமான கோப்புக்குள் ஒளித்துவிட்டு, 0-வை முன்னால் நீட்டுவதுதான் கிரப்பின் குறை.