வெறுங்கால் ஆட்டம்

நெம்மேலிக் கடற்கரையில் மாலையில் பந்தாடும் பையன்களின் பாதங்களைக் கவனியுங்கள். அலை நனைத்த மணலில் பந்து வழுக்கி ஓடும். மேட்டு மணலுக்கு ஏறினால் புதைந்து நிற்கும். கண்ணுக்கு முன்பே பாதம் அதை அறிந்துவிடுகிறது. ஈரத்தில் உள்பாதத்தால் தட்டிவிட்டவன், காய்ந்த மணலில் கால்விரல்களைப் பந்துக்கு அடியில் கொடுத்து நெம்புகிறான். ஷூ போட்ட காலுக்கு அந்த நெம்பல் லேசில் வராது.

வெறுங்கால் ஆட்டத்தை வசதியில்லாதவர்களின் ஆட்டமாகவே நினைத்துப் பழகிவிட்டோம். அது தனி இலக்கணம் கொண்ட கலை. அதற்கு இந்தியாவில் வழிவகுத்தவர்கள் கல்கத்தாவின் பள்ளி, கல்லூரி மாணவர்கள்.

1877இல் ஹேர் பள்ளி மாணவன் நகேந்திர பிரசாத் சர்வாதிகாரி நண்பர்களிடம் காசு சேர்த்துப் பந்து வாங்கினான் என்பார்கள். வாங்கியது ரக்பி பந்து. அதைப் பார்த்த பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக், உருண்டைப் பந்தைக் கொடுத்து கால்பந்தாட்டத்தையும் சொல்லித்தந்தாராம்.

அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1869 நவம்பர் 6இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் பக்கத்துக்கு 25 பேராக உருண்டைப் பந்தில்தான் மோதின. ரட்கர்ஸ் 6-4 என்று வென்றது. அடுத்த வாரமே பிரின்ஸ்டன் 8-0 என்று திருப்பிக் கொடுத்தது. மூன்றாவது ஆட்டம் நடக்கவில்லை, சீசனே அவ்வளவுதான். 1876இல் அங்குள்ள கல்லூரிகள் ரக்பி விதிகளுக்கு மாறி, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டன. கல்கத்தா பையன்களோ காலையே நம்பினார்கள்.

பூட்ஸ் காலோடு மோதினால் விரல் நொறுங்கும். அதனால் வெறுங்கால்காரன் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டான்; எதிராளி நெருங்குமுன் குட்டையாகப் பாஸ் கொடுத்துவிட்டு நகர்வான். அடிபடும் பயமே அழகாக மாறிய ஆட்டம் இது. நகேந்திர பிரசாத் தொடங்கிய சோவாபஜார் கிளப் 1892இல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் பிரிட்டிஷ் ராணுவத்தின் கிழக்கு சர்ரே அணியைத் தோற்கடித்தது. 1911இல் கல்கத்தாவின் மோகன் பகான் கிளப் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் கிழக்கு யார்க்‌ஷயர் படையை 2-1 என்று வென்றபோது, அந்தப் பதினொரு பேரில் பூட்ஸ் அணிந்தவர் சுதிர் சாட்டர்ஜி ஒருவரே.

இந்தக் கலைக்கு எதிரி மழை. தோல் பந்து நீர் குடித்துக் கனக்கும், பாதம் சறுக்கும். குளிரும் பகைதான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்தியா, பிரான்சிடம் 2-1 என்றுதான் தோற்றது. நம் கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1952இல் ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியா 10-1 என்று நொறுக்கிய பிறகு ஷூ கட்டாயமானது.

அது சரியான முடிவு. ஆனாலும் ஒரு ஆட்டக்காரனை எடைபோட எனக்கு இன்றும் வெறுங்காலின் அளவுகோல்தான்: வேகமாய் வரும் பந்து முதல் தொடுகையிலேயே அவனுக்கு அடங்குகிறதா? கோல் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.